கூச்சம் மருந்தாகாது

மறைவிடத்தில் மரு தோன்றினால் அதை டாக்டரிடம் காட்டுவோர் குறைவு. மருந்துக் கடையில் ஏதோ ஒரு களிம்பை வாங்கிப் பூசுவோரும், சுண்ணாம்பு வைத்துச் சுட்டுப் புண்ணாக்கிக் கொள்வோரும் உண்டு. பெண்களோ கணவனிடம்கூடச் சொல்வதில்லை. இந்தக் கூச்சமே நோய்க்குத் துணை போகிறது.

மருவுக்குக் காரணம் எச்.பி.வி. என்னும் வைரஸ். அதில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. இத்தகைய மருக்களில் பத்துக்கு ஒன்பது 6, 11 என்ற எண்ணுள்ள வகைகளால் வருபவை. அவை புற்றுநோயாக மாறுவதில்லை எனலாம். 16, 18 என்ற வகைகள் வேறு. வெளியே எதுவும் காட்டாமல் உடலில் தங்கி, பல ஆண்டுகளுக்குப் பின் கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்குபவை அவை. அந்நோயில் சுமார் 70 சதவீதம் இவ்விரண்டினால் வருவதே. ஆகவே, மரு வந்தவர் புற்றுநோய் என்று அஞ்ச வேண்டாம். மரு இல்லாதவர் ஆபத்தே இல்லை என்று இருந்துவிடவும் கூடாது.

உடலுறவின்போது தோலோடு தோல் உரசுவதால் இந்த வைரஸ் பரவுகிறது. ஆணுறை ஆபத்தைக் குறைக்கும், முற்றிலும் தடுக்காது. தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு எந்த அடையாளமும் தெரியாமல் ஓரிரு ஆண்டுகளில் உடலே அதை விரட்டிவிடும். சிலருக்கோ பல மாதங்கள், ஏன், ஆண்டுகள் கழித்துக்கூட மரு தோன்றலாம். எனவே, இன்று தோன்றிய மருவைக் காட்டி, நேற்று துரோகம் நடந்ததாகத் தம்பதியர் ஒருவரையொருவர் பழிப்பது அறியாமையாகும்.

வந்த மருவை உறையவைத்தோ, மருந்திட்டோ நீக்க முடியும். வராமல் காக்கத் தடுப்பூசி இருக்கிறது. ஆஸ்திரேலியா 2007-ல் பெண்களுக்கு ஊசி போடத் தொடங்கியது. அங்குப் பால்வினை நோய் மருத்துவமனைகளுக்கு முதன்முறை வந்த, 21 வயதுக்கு உட்பட்ட பெண்களில் அவ்வாண்டு 11.5 சதவீதம் பேருக்கு மரு இருந்தது. 2011-ல் அது ஒரு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. ஊசி போடாத இளைஞர்களிடையேயும் மரு வெகுவாகக் குறைந்தது.

இதில் திருவனந்தபுரத்துக்கும் பங்குண்டு. 2009-ல் இந்தியாவில் பல இடங்களில் சிறுமியருக்கு இரண்டு தவணை போதுமா, மூன்று வேண்டுமா என்று ஆராயப்பட்டது. திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையும் அவற்றில் ஒன்று. ஆந்திரத்திலும் குஜராத்திலும் நடந்த வேறொரு திட்டத்தின் மீது புகார் எழவே, 2010-ல் ஊசி போடுவது நிறுத்தப்பட்டது. அதனால் சுமார் 5,000 பேர் ஒரே தவணையுடன் நின்றனர். பத்தாண்டுகள் கவனித்ததில், 16, 18 வகைகள் நிலைத்துத் தங்காமல் தடுப்பதில் அந்த ஒரு தவணையும் ஏறக்குறைய அதே அளவு பலன் தந்தது தெரியவந்தது. வைரஸ் வகைகளைக் கண்டறியும் சோதனைகள் இந்நகரின் ராஜீவ் காந்தி உயிரித் தொழில்நுட்ப மையத்தில் நடந்தன. 2022-ல் உலக சுகாதார நிறுவனமும் ஒரு தவணை முறையை ஏற்றது.

அன்றைய புகாரில் ஒரு பாடமும் உண்டு. பெற்றோருக்கு முறைப்படி விளக்கி இசைவு பெறவில்லை என்பது அதில் முக்கியமான குறை. மக்களுக்குப் புரியும் மொழியில் சொல்லாத நல்ல மருந்தும் சந்தேகத்துக்கு இரையாகும்.

பிளஸ் ஒன், பிளஸ் டூ மாணவியருக்கு ஊசி போடக் கேரள அரசு 2025-ல் முடிவு செய்தது. தமிழக அரசு அதே ஆண்டு பட்ஜெட்டில் 14 வயதுச் சிறுமியருக்கென நிதி ஒதுக்கியது. இரண்டும் பாராட்டத்தக்கவை. ஆனால் சாலைக் கடைவீதியிலும் கட்டட வேலையிலும் பிழைத்து, இரு மாநிலங்களுக்கும் இடையே போய்வரும் தமிழ்க் குடும்பங்களின் பெண்கள் இரண்டு பட்டியலிலும் விடுபட்டுப் போகக்கூடாது. பள்ளியில் இல்லாத பெண்ணுக்கும் ஊசி கிடைக்க வேண்டும். இசைவுப் படிவமும் விளக்கமும் மலையாளத்தோடு தமிழிலும் இருப்பது அவசியம்.

தொற்று வருமுன் போட்டால்தான் ஊசிக்கு முழுப் பலன். சிறு வயதில் போடுவது அதற்காகவே. அது பெண்ணின் ஒழுக்கத்தைச் சந்தேகிப்பதாகாது. ஊசி போட்டாலும், முப்பது வயதைக் கடந்த பெண்கள் கருப்பைவாய்ப் பரிசோதனையை விட்டுவிடக்கூடாது. 1981 முதல் இங்கே மண்டலப் புற்றுநோய் மையம் இயங்கி வருகிறது. நோய் முற்றிய பின் அதன் வாசலில் காத்திருப்பதைவிட, வெட்கத்தை விட்டு முன்கூட்டியே டாக்டரிடம் பேசுவது மேல்.