சாலிட் மாடல் வரட்டும். டிராப்ட்ஸ்மேன் போக வேண்டாம்!

வீரசோழன் வட்டாரத்தில் மாட்டுவண்டி செய்த ஆசாரிமார் காகிதத்தில் படம் போட்டா வேலை செய்தார்கள்? குடம் எவ்வளவு கனம், ஆரக்கால் எந்தச் சாய்வில் இறங்க வேண்டும், வட்டை எவ்வளவு வளைய வேண்டும் என்பதெல்லாம் அவர்கள் மனதில் முழு உருவமாகவே இருந்தது. நாட்டுக் கருவேலங்கட்டையைப் புரட்டிப் பார்க்கும்போதே உள்ளே இருக்கும் சக்கரம் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

ஆலைத் தொழில் வந்ததும் இது போதாமற் போயிற்று. ஒருவர் மனதில் உள்ளதை நூறு பேர் செய்தாக வேண்டும். ஆகவே பொருளை முன்னாலிருந்தும் மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்த்து, தட்டைப் படங்களாகத் தாளில் இறக்கும் முறை வந்தது. இதற்குக் கணித ஒழுங்கு தந்தவர் பிரான்ஸ் தேசத்து காஸ்பார் மோஞ்சு. மெஸியேர் ராணுவப் பள்ளியில் அவர் கண்ட வித்தையை மன்னராட்சி ராணுவ ரகசியமாகப் பூட்டி வைத்தது. பிரெஞ்சுப் புரட்சி நடந்த பிறகுதான், 1795-ல், அதைப் பகிரங்கமாகப் பாடம் சொல்ல முடிந்தது. டிராயிங் என்பது யாருடைய சொத்து என்ற தகராறு நேற்று முளைத்ததல்ல!

அந்த வித்தையைத்தான் நம் கரிசல் காட்டுப் பையன்கள் கற்கிறார்கள். கண்மாயில் தண்ணீர் நிற்காத வருஷங்களில், மிளகாயும் பருத்தியும் கைவிட்ட வீடுகளில், ஒரு பிள்ளையையாவது பஸ் ஏற்றித் தொழிற்பயிற்சி நிலையத்துக்கு அனுப்புவது வழக்கமாகிவிட்டது. டிராப்ட்ஸ்மேன் மெக்கானிகல் படிப்பு இரண்டு வருஷம். தேறினால் கோவை, ஓசூர், சென்னை என்று பிழைப்பு. அந்தப் பிழைப்பின் அடித்தளம்தான் இப்போது மாறுகிறது.

டிராயிங் போர்டும் டி-ஸ்கொயரும் அம்மோனியா பிரிண்டும் போய் வெகுகாலம் ஆயிற்று. கம்ப்யூட்டர் வந்தபோதும் முதலில் அதே தட்டைப் படத்தைத்தான் திரையில் கோடு கோடாகப் போட்டோம். சாலிட் மாடலிங் அப்படியல்ல. பொருளையே முழு உருவமாகக் கம்ப்யூட்டருக்குள் கட்டுகிறார்கள். ஓர் அளவை மாற்றினால் அதிலிருந்து எடுத்த எல்லாப் படங்களிலும் அது தானே மாறும். எடை என்ன, இரண்டு பாகங்கள் ஒன்றோடொன்று முட்டுமா என்பது இரும்பை வெட்டுமுன்னே தெரிந்துவிடும். அதே உருவத்தை வைத்தே சி.என்.சி. மெஷினுக்கும் கட்டளை தயாரித்துவிடலாம். ஒரு வகையில், வண்டி ஆசாரியின் மனக்கண் திரும்பி வந்திருக்கிறது.

இது நல்ல காரியம். தயக்கமில்லாமல் சொல்லுவோம். முன்தோற்றத்தில் ஓர் அளவும் பக்கத்தோற்றத்தில் வேறோர் அளவும் இருந்த டிராயிங்கால் எத்தனை காஸ்டிங் குப்பைக்குப் போயிருக்கிறது! அதற்கு மெமோ வாங்கியவர் யார்? டிராயிங்கில் கையெழுத்திட்ட அதிகாரியா? லேத்தில் நின்ற தொழிலாளிதான்.

போயிங் 777 விமானம் முழுவதையும் இப்படிக் கம்ப்யூட்டருக்குள்ளேயே உருவாக்கினார்கள். 1994 ஜூனில் அது பறந்தது. முதலாளிகள் இந்தக் கதையை விரும்பிச் சொல்லுவார்கள். ஏர்பஸ் கம்பெனியின் கதையைச் சொல்ல மாட்டார்கள், நாம் சொல்லுவோம்.

ஏ-380 என்ற இரண்டடுக்கு விமானம். அதில் ஓடும் மின்சார ஒயர் மட்டும் சுமார் 500 கிலோமீட்டர். உடற்பகுதிகள் ஜெர்மனியில் ஹாம்பர்க்கில் தயாராகி, பிரான்ஸில் துலூஸ் நகரத்தில் பூட்டப்பட வேண்டும். துலூஸில் கேட்டியா மென்பொருளின் ஐந்தாம் பதிப்பு. ஹாம்பர்க்கில் பழைய நான்காம் பதிப்பு. இரண்டும் ஒன்றின் விவரத்தை மற்றொன்று சரியாகப் படிக்கவில்லை. திரையில் பொருந்தியது துலூஸ் கொட்டகையில் பொருந்தவில்லை. ஒயர் கட்டுகள் எட்டவில்லை. ஜெர்மனியிலிருந்து நூற்றுக்கணக்கான தொழிலாளர்களைக் கொண்டுவந்து கையால் ஒயர் இழுத்தார்கள். 2006-ல் தாமதத்துக்கு மேல் தாமதமாக அறிவித்து, 2010 வரை 480 கோடி யூரோ லாபம் குறையும் என்றது தாய்க் கம்பெனி.

எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு என்று முடிவு செய்தது எந்தத் தொழிலாளி? ஒருவருமில்லை. ஆனால் 2007 பிப்ரவரியில் வந்த சிக்கனத் திட்டம் 10,000 வேலைகளைக் குறைப்பதாக இருந்தது. பதவி விலகிய தலைமை அதிகாரிக்கோ 80 லட்சம் யூரோவுக்கு மேல் கிடைத்தது. அந்த மார்ச் மாதம் பல தேசத்து ஏர்பஸ் தொழிலாளர்கள் ஒரே நாளில் வேலையை நிறுத்தி வீதிக்கு வந்தார்கள்.

அவ்வளவு பெரிய கம்பெனிக்கே இந்தக் கதி என்றால், நம்மூர்க் கம்பெனிகள் செய்வதைப் பாருங்கள். பழைய டிராயிங் ஆயிரக்கணக்கில் கிடக்கும். அவற்றைக் கட்டாகக் கட்டி ஒப்பந்த ஆபீசுக்கு அனுப்பி, இத்தனை படத்துக்கு இத்தனை ரூபாய் என்று சாலிட் மாடலாக மாற்றி வாங்குவார்கள். அங்கே ராத்திரி பகலாக உட்கார்ந்து மாற்றுகிறவர்களும் நம் பிள்ளைகள்தான், நிரந்தரம் கிடையாது. அவர்கள் படத்தில் உள்ளதை உள்ளபடி செய்வார்கள். வேறென்ன செய்ய முடியும்?

படத்தில் இல்லாததுதான் முக்கியம். இந்தத் துளையை டிராயிங் அளவுக்கே போட்டால் புஷ் இறங்காது, ஒரு நூல் கூட்ட வேண்டும். இந்த மூலையில் ரேடியஸ் போடாவிட்டால் வார்ப்பு விரிசல் விடும். இதெல்லாம் பென்சில் குறிப்பாக டிராயிங்கின் ஓரத்தில் இருக்கும். அல்லது இருபது வருஷம் அதை வரைந்தவர் தலையில் இருக்கும். 1955-ல் திறந்த பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை ஸ்விட்சர்லாந்து டிசைனில்தான் தொடங்கியது. அப்படி வெளியிலிருந்து வந்த டிசைன்கள் நம் சாமானுக்கும் நம் மெஷினுக்கும் பொருந்தியது தானாகவா? வரைந்தவரும் கடைந்தவரும் சேர்ந்து செய்த வேலை அது. அந்த டிராப்ட்ஸ்மேனை “கம்ப்யூட்டர் தெரியாதவர்” என்று மூலையில் உட்கார வைத்துவிட்டு எடுக்கும் மாடல் அழகாயிருக்கும், பொருந்தாது.

ஆகவே நிர்வாகம் செய்ய வேண்டியது கடினமல்ல. பழைய ஆளையே புதிய வேலைக்குப் பழக்கட்டும், வேலை நேரத்தில், முழுச் சம்பளத்தோடு. பயிற்சிக் கட்டணத்தை அவர் பையிலிருந்து எடுக்கக் கூடாது. ஓய்ந்து ஓய்ந்து கிடக்கும் படங்களை முதலில் தொட வேண்டாம். தினம் ஓடும் படங்களிலிருந்து தொடங்கட்டும். ஒவ்வொரு மாடலையும் வரைந்தவரும் ஷாப் ஆளும் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே செல்லும் என்று வைக்கட்டும்.

மென்பொருள் வாடகை வேறு. பேர்போன மென்பொருள்கள் வருஷா வருஷம் பணம் கேட்கின்றன, சாவி கம்பெனிக்காரனிடம். பயிற்சி நிலையத்தில் பழகிய பையன் வீட்டில் பழக வழியில்லை. 2002 முதல் ப்ரீகேட் என்று ஒன்று இலவசமாகவே கிடைக்கிறது. ஆகாய விமானம் கட்ட அது போதாதுதான். பம்பின் உறைக்கும் இம்பெல்லருக்கும் கியர் பெட்டிக்கும் தாராளமாகப் போதும். சர்க்கார் பயிற்சி நிலையங்களில் அதையும் சேர்த்துக் கற்பிக்கத் தடை என்ன?

ஆள் குறைப்பு இல்லை, வருமானக் குறைவு இல்லை, லாபத்தில் தொழிலாளிக்கும் சமூகத்துக்கும் நியாயமான பங்கு, வேலைப்பளுவை முறையாக அளப்பது: இவற்றோடுதான் புதுமுறை புக வேண்டும் என்று 1957 ஜூலையில் கூடிய 15-வது இந்தியத் தொழிலாளர் மாநாட்டில் அரசும் முதலாளிகளும் சேர்ந்தே ஒப்புக்கொண்டார்கள். ஆட்குறைப்புக்கு இடம் தரும் தொழில்முறை மாற்றத்துக்கு 21 நாள் நோட்டீஸ் என்று 1947 தொழில் தகராறு சட்டத்தின் 9-ஏ பிரிவு சொன்னது. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த தொழில் உறவுத் தொகுப்பிலும் 40-வது பிரிவாக அந்த நோட்டீஸ் இருக்கிறது. டிராப்ட்ஸ்மேன் ஆபீஸ் நாற்காலியில் உட்காருவதால் தொழிலாளி அல்ல என்று சில மானேஜர்கள் சொல்லிப் பார்ப்பார்கள். தொழில்நுட்ப வேலை செய்பவரும் தொழிலாளியே என்று சட்டத்தின் விளக்கத்திலேயே எழுதியிருக்கிறது.

உங்கள் கம்பெனியில் புது மென்பொருள் வந்து இறங்கியிருந்தால், அந்த நோட்டீஸ் எந்தத் தேதியில் வந்தது என்று யூனியன் செயலாளரைக் கேளுங்கள்.