விளையாட்டைச் சுருக்கினார்கள், வியாபாரத்தைச் சுருக்கவில்லை

ஒரு விளையாட்டை எளிமையாக்குவது நல்ல காரியம். விதிகள் குறைந்தால் புதியவர்கள் துணிந்து வருவார்கள். நேரம் குறைந்தால், வேலை முடிந்து களைத்து வருகிறவனும் சற்று உட்கார்ந்து ஓர் ஆட்டம் ஆடலாம். 2024 அக்டோபர் 30 அன்று வெளியான ‘போகிமான் டிசிஜி பாக்கெட்’ என்னும் கைப்பேசி விளையாட்டை இந்த அளவில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் இங்கே எளிமையாக்கப்பட்டது எது? எளிமையாக்காமல் விடப்பட்டது எது? இந்தக் கேள்வியைக் கேட்டாக வேண்டும்.

பெரிய ஆட்டமும் சிறிய ஆட்டமும்

போகிமான் சீட்டு விளையாட்டு 1996-ல் ஜப்பானில் காகிதச் சீட்டுகளாகப் பிறந்தது. பின்னர் உலகமெங்கும் பரவியது. அதில் ஒவ்வொருவருக்கும் 60 சீட்டுகள் கொண்ட கட்டு வேண்டும். கைப்பேசி ஆட்டத்துக்கு 20 போதும். அங்கே பின்வரிசையில் ஐந்து பிராணிகள், இங்கே மூன்று. அங்கே ஆறு பரிசுச் சீட்டுகளை எடுத்தவன் வெல்வான். இங்கே மூன்று புள்ளி எடுத்தால் ஆட்டம் முடிந்தது. தாக்குவதற்குத் தேவையான சக்திச் சீட்டுகளைக் கட்டில் தேடி எடுக்க வேண்டிய தொல்லையும் இல்லை. முறை வரும்போது சக்தி தானாகவே வந்து சேரும். சில நிமிடங்களில் வெற்றி தோல்வி தெரிந்துவிடும்.

நல்ல மாற்றங்கள்தாம். மக்கள் வரவேற்றார்கள். நான்கே மாதங்களில் 10 கோடி தடவைக்கு மேல் இது கைப்பேசிகளில் இறக்கப்பட்டது.

ஆனால் ஆட வேண்டுமானால் சீட்டு வேண்டும். சீட்டு எங்கிருந்து வரும்? மூடிய பொட்டலத்திலிருந்து! ஒரு பொட்டலத்தில் ஐந்து சீட்டுகள். உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்தால்தான் தெரியும். நாளொன்றுக்கு இரண்டு பொட்டலம் இலவசம். மேலும் வேண்டுமா? காசை எடு! மாதச் சந்தா கட்டினால் தினம் இன்னொரு பொட்டலம். அமெரிக்காவில் அந்தச் சந்தா 9.99 டாலர்.

கணக்கைப் பாருங்கள்

கிரீடக் குறியிட்ட தங்கச் சீட்டுத்தான் எல்லாவற்றிலும் அரியது. முதல் தொகுதியில் அது ஒரு பொட்டலத்தின் நான்காவது சீட்டாக வரும் வாய்ப்பு 0.04 சதவீதம், ஐந்தாவது சீட்டாக வரும் வாய்ப்பு 0.16 சதவீதம். கம்பெனியே வெளியிட்ட விகிதம் இது. இரண்டையும் கூட்டினால் 500 பொட்டலத்துக்கு ஒன்று என்றாகிறது. 500 பொட்டலம் பிரித்த பிறகும் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள் கையில் அந்தச் சீட்டு விழுந்திராது.

“அதற்குத்தான் சலுகை வைத்திருக்கிறோமே!” என்பார்கள். ஆம், ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஐந்து புள்ளி உண்டு. 2,500 புள்ளி சேர்த்தால் அந்தச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அதற்கு எத்தனை பொட்டலம் பிரிக்க வேண்டும்? அதே 500! இலவசப் பொட்டலத்தை மட்டும் நம்பினால் 250 நாள். அந்தப் புள்ளிகளும் அந்தத் தொகுதிக்கு மட்டுமே செல்லும். முதல் தொகுதி வந்து 250 நாள் முடிவதற்குள் ஏழு புதிய தொகுதிகள் வந்துவிட்டன. பொறுமையாக இருப்பவன் எந்நாளும் பின்தங்கியே நிற்பான். பொறுமை இழந்தவன் பணம் கட்டுவான். இதுதான் இந்த வியாபாரத்தின் சூட்சுமம்.

பண்டமாற்றுக்கு வரி

காகிதச் சீட்டும் மூடிய பொட்டலத்தில்தானே வந்தது என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அங்கே அதிர்ஷ்டத்துக்கு ஒரு மாற்று மருந்து இருந்தது. என்னிடம் ஒரே சீட்டு இரண்டு இருந்தால் பக்கத்து வீட்டுப் பையனிடம் ஒன்றைக் கொடுத்து, எனக்கு இல்லாததை வாங்கிக்கொள்வேன். கம்பெனிக்கு அதில் வேலை இல்லை. கைமாற்றிக்கொள்ளும் இந்தத் தோழமைதான் அந்த ஆட்டத்தின் உயிர்.

கைப்பேசி ஆட்டத்தில் முதல் மூன்று மாதம் இதற்கு வழியே இல்லை. 2025 ஜனவரி இறுதியில் வழி வந்தது. கூடவே வரியும் வந்தது. நான்கு வைரக் குறியிட்ட ஒரு சீட்டை நண்பனுடன் மாற்றிக்கொள்ள 500 வில்லைகள் செலுத்த வேண்டும். வில்லைக்கு எங்கே போவது? கையிலுள்ள அரிய சீட்டுகளை அழிக்க வேண்டும். அதே தரச் சீட்டு ஒன்றை அழித்தால் கிடைப்பது 125. அதாவது, ஒன்றை மாற்றிக்கொள்ள நான்கைத் தீயில் போட வேண்டும்! பொய்க் கணக்குகளையும் தானியங்கி மோசடியையும் தடுக்கவே இந்தக் கட்டுப்பாடு என்று சமாதானம் சொன்னார்கள். மோசடிக்காரனைப் பிடிக்க ஊரார் எல்லோருக்கும் அபராதமா?

ஆட்டக்காரர்கள் பொறுக்கவில்லை. பல நாடுகளிலிருந்தும் கண்டனம் குவிந்தது. கடைசியில் 2025 ஜூலை இறுதியில் வில்லை முறை ஒழிந்தது. அதன் இடத்தில் வேறொரு, இலகுவான கட்டணம் வைக்கப்பட்டது. முழு வெற்றி அல்ல, ஆனால் வெற்றிதான். தனித்தனியாக முணுமுணுத்திருந்தால் இதுவும் நடந்திராது.

சட்டம் என்ன செய்யலாம்?

“யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, விகிதத்தையும் அச்சிட்டுவிட்டோம்” என்பது வியாபாரிகளின் வாதம். பத்து வயதுச் சிறுவனுக்கு 0.04 சதவீதம் என்றால் என்ன புரியும்? அவன் காண்பது பொட்டலம் கிழியும் மினுமினுப்பை மட்டுமே.

அரசுகள் தலையிட முடியாது என்பதும் பொய். அதிர்ஷ்டத்தில் விழும் சீட்டுகளை வாங்கி ஒரு முழு வரிசையைச் சேர்த்தால்தான் பெரிய பரிசு என்னும் முறையை 2012-ல் ஜப்பானின் நுகர்வோர் துறையே சட்டவிரோதம் என்று அறிவித்தது. அன்று அதைக் கைவிட்ட கம்பெனிகளில் ஒன்று டி.என்.ஏ.; இன்று இந்த விளையாட்டைத் தயாரித்தவர்களில் அதுவும் ஒன்று. 2018-ல் பெல்ஜிய நாட்டின் சூதாட்ட ஆணையம் சில கணினி விளையாட்டுகளில் காசுக்கு விற்கப்பட்ட மர்மப் பெட்டிகளைச் சூதாட்டம் என்றே தீர்மானித்தது.

ஆகவே கோரிக்கை இரண்டே. சிறுவர்களுக்கு மூடிய பொட்டலத்தைக் காசுக்கு விற்கக் கூடாது. சீட்டைக் காட்டி, விலையைச் சொல்லி விற்கட்டும். நண்பர்கள் தங்களுக்குள் மாற்றிக்கொள்வதற்குக் கட்டணம் கூடாது. 60 சீட்டை 20 ஆக்கத் தெரிந்தவர்களுக்கு இது முடியாத காரியமா? முடியும். விருப்பம்தான் இல்லை. அந்த விருப்பத்தை உண்டாக்க வேண்டியவர்கள் பெற்றோரும் ஆட்டக்காரர்களும் சட்டமன்றங்களுமே.