நட்டஈடு தர்மமல்ல, கடன்!

வேலையிலிருந்து நீக்கிய ஊழியரின் கையில் சில ஆயிரங்களைத் திணித்து, வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கி அனுப்புவோர் உண்டு. கொடுத்தவர் அதைத் தர்மம் என்று நினைக்கிறார்; வாங்கியவரும் அப்படியே நம்பி விடுகிறார். இருவரும் அறிய வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது.

எட்டாண்டுகள் உழைத்த தொழிலாளிக்கு மாதச் சம்பளம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆட்குறைப்பு என்று நிறுத்தினால், ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கீடான சம்பளம் 12,000. நிறைவு செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம், அதாவது 6,000 வீதம் 48,000. ஆக 60,000 ரூபாய்! பணிக்கொடை இதில் சேராது. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம் சொன்ன இந்த அளவையே, 2025 நவம்பர் 21இல் அமலுக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பும் சொல்கிறது.

இது முறைப்படி நீக்கப்பட்டவருக்கு. நியாயமான காரணமோ விசாரணையோ இன்றித் துரத்தப்பட்டவரின் உரிமை இதைவிடப் பெரிது. மீண்டும் வேலை, பணித்தொடர்ச்சி, இடைப்பட்ட காலத்துச் சம்பளம் ஆகியவையே பொதுவிதி என்று 2013இல் ஓர் ஆசிரியையின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பணிக்காலம், குற்றச்சாட்டின் தன்மை, நிறுவனத்தின் நிதிநிலை ஆகியவற்றைப் பொறுத்துத் தொகை மாறலாம். இடையில் தனக்கு வேறு வருமானமில்லை என்று தொழிலாளி சொல்ல வேண்டும். இருந்தது என்றால் அதை முதலாளிதான் நிரூபிக்க வேண்டும்.

இளைஞர்களே! நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்திடாதீர்கள். தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் காலம் கடத்தாமல் முறையிடுங்கள்.

வணிகப் பெருமக்களே! தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் உங்களையும் கட்டுப்படுத்துகிறது. ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரைத் தக்க காரணமும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கீடான சம்பளமோ இன்றி நிறுத்த முடியாது. அவர் தவறே செய்திருந்தாலும் விசாரித்து, சாட்சியத்தைப் பதிவு செய்த பிறகே உடனடியாக நீக்கலாம்.

வேலை வாங்கிவிட்டுக் கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் எச்சரித்ததை நபி (ஸல்) அவர்கள் நமக்கு அறிவித்திருக்கிறார்கள். ஜகாத்தைக் கணக்கிட்டுக் கொடுக்கும் நாம், உழைத்தவரின் உரிமையை மட்டும் கண்ணளவில் கொடுப்பது எப்படி நியாயமாகும்? தொழிலாளர் நீதிமன்றத்தில் தப்பிக்கலாம்; அந்த நீதிமன்றத்தில் தப்ப முடியுமா? சிந்திப்போம்!