கடிகாரத்துக்கு முத்திரை, காட்சி ஒத்திகைக்கு ஒன்றுமில்லை

கொடுங்கனவின்போது மணிக்கட்டில் அதிரும் நைட்வேர் கடிகாரத்துக்கு அமெரிக்க எஃப்.டி.ஏ. 2020 நவம்பரில் கொடுத்தது டி நோவோ அனுமதி, அதாவது முன்மாதிரி இல்லாத புதுவகைக் கருவிக்கான அனுமதி. ஆகவே விஷயம் அந்த ஒரு கடிகாரத்தோடு நிற்காது. இதே வகையில் அடுத்து வரும் கருவி எதுவும் இதை முன்மாதிரியாகக் காட்டி, இதற்கு நிகரானது என்று 510(கே) வழியில் அனுமதி கேட்கலாம். இன்றில்லாவிட்டாலும் நாளை அந்த வரிசை நம் மருத்துவமனைகளின் கொள்முதல் மேசைக்கும் வரும். அதற்குள் நம் மனநலத் துறை ஒரு நிலைப்பாடு எடுத்தாக வேண்டும்.

அனுமதியின் வாசகம் அடக்கமானதுதான். 22 வயது நிறைந்தவர்களுக்கு, மருத்துவர் சீட்டின் பேரில் மட்டும். அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சலுக்கு (பிடிஎஸ்டி) தனிச் சிகிச்சையாகக் கூடாது. கனவில் எழுந்து நடப்பவர்களுக்கும் தாக்க முற்படுபவர்களுக்கும் கூடாது. ஆதாரம் 70 பேரிடம் 30 நாள் நடந்த ஓர் ஆய்வு. போலிக் கட்டுப்பாட்டுப் பிரிவும் உறக்க அளவுகோல்களில் முன்னேறியது. அதிர்வு பெற்ற பிரிவு கூடுதலாக முன்னேறியது. 2018-இல் 304 படைவீரர்களிடம் நடந்த ஆய்வில் கொடுங்கனவுக்குத் தரப்படும் பிராசோசின் மருந்து போலி மாத்திரையைத் தாண்டவில்லை என்று கண்ட பிறகு, மருந்தால் ரத்த அழுத்தம் தாழ்ந்து தலைசுற்றுகிறவர்களை வைத்துக்கொண்டு விழித்த நமக்கு இன்னொரு துணை கிடைப்பது நல்லதே. துணைக் கருவி என்ற அளவில் இதை இந்த இதழ் எதிர்க்கவில்லை.

ஆனால் இதயத்துடிப்பையும் அசைவையும் பார்த்து மணிக்கட்டில் அதிரும் கருவி, அன்றைய கனவை அறுக்கிறது. கனவின் கதையை அது தொடுவதில்லை. கதையைத் தொடுகிற முறை நம் கையில் பல ஆண்டுகளாக இருக்கிறது. பாலியல் வன்முறைக்கு ஆளான 168 பெண்களிடம் நடந்து 2001-இல் ஜாமா மருத்துவ இதழில் வந்த காட்சி ஒத்திகை ஆய்வில் மொத்தம் மூன்றே அமர்வுகள். பகலில் கனவை எழுதி, நோயாளி தன் விருப்பப்படி மாற்றி, மாற்றிய வடிவத்தைத் தினமும் சில நிமிடம் மனதில் ஓட்டுவது. மிகக் கொடிய கனவில் தொடங்காமல் சற்று இலேசானதில் தொடங்க வேண்டும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். செலவு ஒரு தாளும் பேனாவும், பொறுமையாக உடன் உட்காரும் ஒருவரின் நேரமும். அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் தன் 2018 நிலைப்பாட்டில் கொடுங்கனவுக்குப் பரிந்துரைத்தது இதைத்தான். பிராசோசினுக்குப் ‘பயன்படுத்தலாம்’ என்ற இடம்தான்.

இந்த முறைக்கு முத்திரை கேட்டு விண்ணப்பிக்க நிறுவனம் இல்லை. விண்ணப்பம் இல்லாததால் ஒழுங்குமுறை அமைப்பின் கண்ணில் இது படுவதில்லை. அங்கே அப்படி என்றால், இங்கே நிலைமை இன்னும் மோசம். மாவட்ட மனநலத் திட்டத்தின் குழுவில் ஒரு மாவட்டம் முழுமைக்கும் ஒரே மருத்துவ உளவியலாளர். அவரிடமும் மேலிடம் கேட்பது எத்தனை பேரைப் பார்த்தீர்கள் என்பதை. ஒருவரோடு எவ்வளவு நேரம் உட்கார்ந்தீர்கள் என்பதை அல்ல. புறநோயாளிப் பிரிவில் ‘தூக்கம் வருதாம்மா?’ என்பதோடு விசாரணை முடிகிறது. வருகிறது, ஆனால் தூங்கவே பயமாக இருக்கிறது, தினமும் அதே கனவு என்று சொல்ல அங்கு வரும் பெண்ணுக்கு இடமில்லை. குளோனஸபாம் எழுதப்படுகிறது. அதே 2018 அறிக்கை கொடுங்கனவுக்குப் பரிந்துரைக்காத மருந்து அது. இதை எத்தனை கூட்டங்களில் எடுத்துச் சொன்னாலும் ‘பரிசீலிக்கிறோம்’ என்ற பதில்தான் வருகிறது. பரிசீலனை நடக்கும் காலமெல்லாம் அந்தப் பெண் விடியும்வரை விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கருவி வாங்க நிதி ஒதுக்கும் கோப்பு நகரும். ஒரு மணி நேரப் பேச்சுக்கு ஊதியம் ஒதுக்கும் கோப்பு நகராது. இந்த அநீதி எங்களுக்குக் கோபமூட்டுகிறது.

கருவிக்கான கொள்முதல் ஆணை வருமுன் இரண்டைக் கேட்கிறோம். நோயாளிப் பதிவேட்டில் கனவைப் பற்றித் தனிக் கேள்வி வேண்டும். காட்சி ஒத்திகையின் ஒவ்வொரு அமர்வையும் ஒரு சிகிச்சை நடைமுறையாகக் கணக்கில் எடுத்து, அதற்குரிய நேரத்தையும் பணியிடத்தையும் ஒதுக்க வேண்டும்.