பிளானில் இல்லாத தட்டி

2024 ஜூன் 12ந் தேதி விடியற்காலை, குவைத் நாட்டு மங்காப்பில், ஒரு கம்பெனி வாடகைக்குப் பிடித்துத் தன் தொழிலாளரைத் தங்க வைத்திருந்த மாடிக் கட்டடம் தீப்பிடித்தது. குறைந்தது 45 இந்தியர் மாண்டனர். தமிழர் எழுவர், அவர்களில் ஒருவர் நமது தூத்துக்குடி ஜில்லாக்காரர். நெருப்பை விடப் புகைக்குப் பலியானவர்களே அதிகம். அறைகளைத் தடுத்திருந்த தட்டிகள் எளிதில் தீப்பற்றுபவை. மொட்டைமாடிக் கதவோ பூட்டிக் கிடந்தது.

கட்டடம் கட்டும்போது போட்ட பிளானில் அந்தத் தட்டிகள் இருந்திருக்குமா?

குவைத்தோடு நிற்கும் கதையல்ல இது. வானம் பார்த்த நமது கரிசல் பூமியிலிருந்து எத்தனை பெண்பிள்ளைகள் நூல் மில் ஹாஸ்டல்களில் பாய் விரித்துப் படுக்கிறார்கள்! பெண்களும் குழந்தைகளும் தங்கும் விடுதிகளுக்கு லைசென்ஸ் வேண்டும் என்று தமிழக சர்க்கார் 2014ல் சட்டம் போட்டது. கலெக்டரிடம் கொடுக்கும் மனுவோடு கட்டட வரைபடம், உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று எல்லாம் இணைக்க வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் அந்த வரைபடத்தை யார் போடுகிறார்? இஞ்சினீயர். அவருக்குப் பணம் கொடுப்பவர்? கட்டடச் சொந்தக்காரர். படத்தில் 'சாப்பாட்டுக் கூடம்' என்று எழுதியிருக்கும். ராத்திரி போய்ப் பார்த்தால் அங்கே இருபது பாய் கிடக்கும். அங்கே படுக்கிறவளை யாராவது ஒரு வார்த்தை கேட்டதுண்டா?

லைசென்சுக்கான பிளான், கட்டப் போகும் வீட்டின் பிளான் அல்ல. இருக்கும் வீட்டில் மனிதர் எப்படி இருக்கிறார் என்று காட்ட வேண்டிய படம் அது. அறையின் உள்நீளம், உள்ளகலம், ஜன்னல், படிக்கட்டு, கக்கூஸ், வெளியே ஓடும் வழி, இடையில் வைத்த தட்டி, எல்லாவற்றுக்கும் மேலாக அறைக்கு எத்தனை பேர் என்ற கணக்கு. இங்கிலாந்தில் பலர் கூடித் தங்கும் லைசென்ஸ் வீடுகளில், 2018 அக்டோபர் முதல் தேதியிலிருந்து, வயது வந்த ஒருவர் தூங்கும் அறை 6.51 சதுர மீட்டருக்குக் குறையக்கூடாது; இருவருக்கு 10.22. அதாவது 70 சதுர அடி, 110 சதுர அடி. பத்துக்குப் பன்னிரண்டு அறையில் அங்கே இரண்டு பேர். நம் லைன் வீடுகளில் எத்தனை பேர் என்று நான் சொல்லவா வேண்டும்?

அதே இங்கிலாந்தில் தொழிலாளர் பட்ட பாட்டை 1845ல் எழுதிய எங்கெல்ஸ், மான்செஸ்டர் குடியிருப்புகளின் அமைப்பைப் படம் போட்டே காட்டினார். முதுகோடு முதுகு ஒட்டிய வீட்டுக்குள் காற்று புகாது என்பதை நாலு கோடு சொல்லிவிடும்.

கரிசலில் இன்னொரு சங்கதி. மழைக்கு உப்பி வெயிலுக்கு வெடிக்கும் மண் இது. பிளானில் நேர்க்கோடாக நிற்கும் சுவர், சில கோடை கழித்து விரல் நுழையும் வெடிப்போடு நிற்கும். உறுதிச் சான்று கேட்பது வெறும் சடங்கல்ல.

2014ம் ஆண்டுச் சட்டம் ஆண் தொழிலாளரைத் தொடவில்லை. பீகாரிலிருந்தும் ஒரிஸ்ஸாவிலிருந்தும் வந்து அடைந்து கிடக்கும் தோழன் என்ன, மூச்சு விடாதவனா? அவன் அறைக்கும் இதே விதி வேண்டும். பிளானை விடுதிச் சுவரில், தங்குவோர் படிக்கும் பாஷையில் மாட்ட வேண்டும். அளக்கும்போது அவர்களில் ஒருவர் கூட நிற்க வேண்டும்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. டேப்பு ஒன்று எடுத்து உங்கள் அறையை அளந்து, படுப்போர் தொகையையும் பூட்டிய கதவுகளையும் நோட்டுத்தாளில் குறித்துச் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். கலெக்டர் ஆபீசில் உள்ள பிளானை 2005ம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டு மனுப் போடுவோம். கிடைத்ததும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.