நம் சதுரங்கமும் பிறர் சதுரங்கமும்

பிறநாட்டு ஆட்டத்தைக் கற்றல் நன்றே. அதன்பொருட்டு நம் ஆட்டத்தை மறத்தல் நன்றன்று என்பது எமது கருத்து.

ஐரோப்பிய முறைச் சதுரங்கத்தை நம்மவரிடையே பரப்பியவருள் தமிழ்நாட்டு மானுவேல் ஆரோன் தலைசிறந்தவர். 1961-ஆம் ஆண்டில் இந்தியாவின் முதற் சர்வதேச மாஸ்டர் ஆனவர் அவரே. அம்முறையைக் கைக்கொண்டதனாலன்றோ 1988-இல் விசுவநாதன் ஆனந்த் இந்தியாவின் முதற் கிராண்ட்மாஸ்டராயினர். 2022-இல் மாமல்லபுரத்துச் சதுரங்க ஒலிம்பியாட்டில் உலகநாடுகள் கூடின! இப்பயனை மறுப்பாரிலர்.

எனினும், நம் பழைய முறை என்னாயிற்று? அதிற் காலாள் முதலாட்டத்திலும் ஒரு கட்டமே நகரும். அரசன், தாக்குண்ணுமுன் ஒருமுறை குதிரைபோற் பாயலாம். இடத்துக்கிடம் விதி சிறிது வேறுபடும். இந்திய முறையில் முதற்கண் பயின்ற மீர் சுல்தான்கான் இங்கிலாந்து சென்று, 1929, 1932, 1933 ஆகிய ஆண்டுகளில் பிரிட்டிஷ் வாகை சூடினார். ஆகவே அஃது அறிவை வளர்ப்பதிற் குறைந்ததன்று.

ஜப்பானியரைக் காண்மின். அவர்தம் 'ஷோகி' 81 கட்டங்களையுடையது. வெட்டிய காயை வெட்டியவரே தம் படையாக மீண்டும் இறக்கலாம். அதனை அவர் கைவிட்டிலர். 1976-இல் இங்கிலாந்தில் அதற்கென ஓர் ஆங்கில இதழும் தோன்றிற்று. விதிகள் ஏட்டிலேறி நிலைபெற்றிருந்தமையாலன்றோ பிறர்க்குக் கற்பித்தல் எளிதாயிற்று?

நண்பர்காள்! விடுமுறையில் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்து நம் ஊர்களுக்குச் செல்லுங்கால், சதுரங்கம் அறிந்த முதியோர் உளரேல் அவர்பால் அமர்ந்து, அவர் ஆடிய விதிகளைக் கேட்டு எழுதி வருவோமாக. அவர் மறைந்தபின் யாரைக் கேட்போம்?