தலைமையும் குறிப்பறிதலும்

கல்லூரியன்னையின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் எனப் பழைய மாணவர் சங்கத்தார் நம்மைக் கேட்டபொழுது, இத்தகைய மலர்களின் பழைய பிரதிகள் சிலவற்றை எடுத்துப் புரட்டினோம். அதிபர்கள், மாணவ முதல்வர்கள், துடுப்பாட்டக் குழுத் தலைவர்கள், நீதிமன்றிலும் பாராளுமன்றத்திலும் புகழ் நாட்டிய பழைய மாணவர்கள் ஆகியோரின் படங்கள் ஏடுதோறும் நிறைந்திருந்தன. அவர் அனைவரும் நம் வணக்கத்திற்கு உரியவரே. ஆயினும் ஏட்டை மூடிய பின்னரும் வினா ஒன்று நம் உள்ளத்தை விட்டு அகலவில்லை. தலைமை என்பது யாது? முன்னே நிற்றலா? ஆணையிடுதலா? அதனை நாம் நம் மாணவர்க்கு எவ்வாறு கற்பித்து வருகின்றோம்?

ஆண்பிள்ளைகள் பயிலும் கல்லூரிகளிலே தலைமை என்னுஞ் சொல்லுக்கு நெடுங்காலம் ஒரே பொருள்தான் இருந்து வந்தது. உரத்த குரலும் நிமிர்ந்த நடையும் பிறர் அஞ்சத்தகும் தோற்றமும் உடையவனே தலைவன் எனக் கொள்ளப்பட்டான். பிறர் துன்பம் கண்டு இரங்குதல், பேசாதான் ஒருவனின் முகம் பார்த்து அவன் மனம் அறிதல் என்பன நற்குணங்களாகப் போற்றப்பட்டனவேயன்றித் தலைமைக்கு உரிய ஆற்றல்களாக எண்ணப்படவில்லை. அவற்றைப் பெண்மைக்கு உரியன என்று ஒதுக்கி வைத்தோம். இவ்வாறு ஒதுக்கியதனால் ஆண்பிள்ளைகள் ஒரு கல்வியை இழந்தனர். பெண்கள் தமக்குரிய இடத்தை இழந்தனர். இதுவே நாம் ஈண்டு எடுத்துரைக்க விழைவது.

இக்கருத்தினை நமக்குத் தெளிவித்தவர் குசராத்து நாட்டு அம்மையார் ஒருவர். இலா பட் என்பது அவர் பெயர். 1933 ஆம் ஆண்டில் அகமதாபாத் நகரிற் பிறந்து, சட்டம் பயின்று பட்டம் பெற்று, 1955 இல் அந்நகரின் நெசவுத் தொழிலாளர் சங்கத்திற் பணிபுரியச் சேர்ந்தார். அச்சங்கம் காந்தியடிகளின் வழிகாட்டலில் அனசூயா சாராபாய் அம்மையார் 1920 இல் நிறுவியது. 1968 இல் அதன் மகளிர் பகுதியின் பொறுப்பு இலா பட் அம்மையாரிடம் வந்தது. 1972 இல் சுயதொழில் புரியும் மகளிர்க்கெனத் தனிச் சங்கம் ஒன்று அவர் முயற்சியால் தோன்றிற்று. அதனைச் சேவா எனச் சுருக்கமாக வழங்குவர். காய்கறி விற்போர், பீடி சுற்றுவோர், பழந்துணி வாங்கி விற்போர், தலைச்சுமை தூக்குவோர் என எந்தத் தொழிற்சாலையின் பேரேட்டிலும் பெயர் காணாத பெண்களே அதன் அங்கத்தவர்.

அச்சங்கத்தைத் தொழிற்சங்கமாகப் பதிவு செய்யச் சென்றபொழுது தொழில் திணைக்கள அலுவலர் தடை கூறினர். இப்பெண்களுக்கு முதலாளி எவரும் இலர். முதலாளி இல்லாத இடத்து யாரை எதிர்த்துப் போராடப் போகின்றீர் என்பது அவர் வினா. தொழிற்சங்கம் ஒருவரை எதிர்ப்பதற்காக மட்டும் அமைவதன்று, தொழிலாளர் தம்முள் ஒன்றுபடுவதற்காகவும் அமைவது என்பது அம்மையார் நிலைப்பாடு. பகைவன் ஒருவனைக் காட்டித்தான் மக்களைத் திரட்ட இயலும் என்று நம்பும் தலைவர் மலிந்த உலகிலே இந்நிலைப்பாடு எண்ணிப் பார்க்கத் தக்கது.

அச்சங்கம் உருவாகிய காலத்து நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. அகமதாபாத்தின் துணிச் சந்தையிலே பெண்கள் துணிப் பொதிகளைத் தலையிற் சுமந்து வணிகர் கடைகளுக்குச் சேர்ப்பர். எத்தனை நடை சுமந்தனர் என்பதற்கு எழுத்திற் கணக்கில்லை. ஆதலின் கூலியில் ஏமாற்றப்படுதல் வழக்கமாயிற்று. அம்மையார் இக்கொடுமையை உள்ளூர்ப் பத்திரிகையில் எழுதினார். வணிகர் சினந்து, நாம் நியாயமான கூலியே கொடுக்கின்றோம் என அதே வழியில் மறுப்பு வெளியிட்டனர். வேறொருவராயின் அம்மறுப்பைப் பொய்யெனத் தூற்றி மற்றுமொரு கட்டுரை எழுதியிருப்பர். அம்மையார் அவ்வாறு செய்தாரல்லர். வணிகர் வெளியிட்ட கூற்றையே சிறு அட்டைகளில் அச்சிடுவித்து, சுமை தூக்கும் பெண்கள் கையிற் கொடுத்தார். அவர்கள் அவ்வட்டையைக் காட்டி, நீங்கள் கூறியவாறே கூலி தாருங்கள் எனக் கேட்டனர். வணிகர்க்குத் தம் சொல்லைத் தாமே மறுக்க வழியில்லை. எனினும் சொல்லைக் காத்த மதிப்பு அவர்க்கே கிடைத்தது. எதிர்நின்றாருக்கும் மானம் உண்டு என்பதை உணர்ந்து, அம்மானத்தையே நீதிக்குத் துணையாக்கியமை எத்துணை நுண்ணிய அறிவு!

வங்கியின் வரலாறும் இத்தகையதே. ஏழைப் பெண்கள் வங்கிகளுக்குச் சென்றால் அவர்தம் கந்தல் உடையும் கையிற் பிடித்த குழந்தையும் எழுத்தறியாமையும் அங்குள்ளார்க்கு இழிவாகப் பட்டன. நமக்கென ஒரு வங்கி வேண்டும் என்னும் எண்ணம் அப்பெண்களிடமிருந்தே எழுந்தது. 1974 இல் 4,000 பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபா பங்குப் பணம் செலுத்தி அதனை நிறுவினர். கையெழுத்திட அறியாதார்க்கு நிழற்படம் ஒட்டிய அடையாளம் வழங்கப்பட்டது. எழுத்தறியாதவள் வங்கிக்கு உதவாள் என்று உலகம் கூறிற்று. எழுத்தறியாதவளுக்கு ஏற்றவாறு வங்கி அமையட்டும் என்று இவர்கள் கூறினர். சமத்துவம் என்பது இதுவேயன்றோ? உயர்ந்த வாயிலின்முன் குள்ளமானவனை நிறுத்தி, எட்டினால் உள்ளே வா என்றல் சமத்துவம் ஆகாது.

இச்சங்கத்தார் தம் பணியைத் தாமே அளந்து பார்ப்பதற்குப் பதினொரு வினாக்களை வைத்துள்ளனர். அங்கத்தவரின் வேலை பெருகிற்றா, வருவாய் உயர்ந்ததா, உணவும் உடல்நலமும் சீரடைந்தனவா என்பன போன்றவை அவை. அவற்றுள் ஒன்று நம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. அங்கத்தவரிடையே தலைமை வளர்ந்ததா என்பதே அது. தலைவர் எத்துணைப் பெரியவர் என்று அவர்கள் அளப்பதில்லை. எத்தனை பேர் புதிதாகத் தலைவராயினர் என்றே அளக்கின்றனர். ஆலமரத்தின் கீழ்ப் புல்லும் முளையாது என்பது நம்மூர்ப் பேச்சு. தன் நிழலிற் பிறரை வளரவிடாத தலைமை எத்துணை உயர்ந்தும் பயன் என்னை?

பிறர் உணர்ச்சியை அறியும் இவ்வாற்றலுக்கு இக்காலத்து உளவியலார் உணர்வுசார் நுண்ணறிவு எனப் பெயரிட்டுள்ளனர். பீற்றர் சலோவே, ஜோன் மேயர் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1990 இல் அதனை ஆராய்ச்சிக் கட்டுரையில் வரையறுத்தனர். டானியல் கோல்மன் 1995 இல் எழுதிய நூல் அதனை உலகெங்கும் பரப்பிற்று. தன் உணர்ச்சியைத் தான் அறிதல், அதனை அடக்கி ஆளுதல், பிறர் உணர்ச்சியை உணர்தல், உணர்ந்தவாறு ஒழுகுதல் என்பன அதன் கூறுகள். இது தமிழர்க்கு முற்றிலும் புதிய பொருளன்று. திருவள்ளுவனார் குறிப்பறிதல் என்னும் ஒரே பெயரில் இரண்டு அதிகாரங்களை வகுத்தார். 110 ஆம் அதிகாரம் காதலர்க்கு உரியது. 71 ஆம் அதிகாரமோ பொருட்பாலில், அமைச்சியலில் நிற்கின்றது. கண்ணோட்டம் என்னும் 58 ஆம் அதிகாரம் அரசியலில் நிற்கின்றது. பிறர் மனக்குறிப்பை அறிதலை அமைச்சர்க்கும், இரக்கத்தை அரசர்க்கும் உரியதாக அப்பெருந்தகை வைத்திருக்க, அவற்றை அடுக்களைக்குள் அனுப்பியவர் யார்? பல்லாண்டாகக் குறள் கற்பிக்கும் நாமும் இவ்வைப்புமுறையின் பொருளை மாணவர்க்கு விளக்கத் தவறிவிட்டோம் என ஒப்புக்கொள்கின்றோம்.

இரக்கம் மிகுந்தால் உறுதி குன்றும் என்பார் சிலர். 1981 இல் குசராத்தில் மருத்துவக் கல்லூரிகளில் ஒடுக்கப்பட்ட சாதியினர்க்கு ஒதுக்கப்பட்ட இடங்களை எதிர்த்துக் கலகம் மூண்டது. தாய்ச் சங்கம் வாய்திறவாதிருக்க, இலா பட் அம்மையார் ஒடுக்கப்பட்டார் பக்கம் நின்று பேசினார். அதன் விளைவாக அவரும் அவர்தம் மகளிர் சங்கமும் தாய்ச் சங்கத்தினின்றும் வெளியேற்றப்பட்டனர். வணிகரின் மானத்தைக் காத்த அதே நெஞ்சம், நீதி என்று வந்தபொழுது தன்னை வளர்த்த வீட்டையும் இழக்கத் துணிந்தது. கோயில் வாயில்களிலே இதே கேள்வி எழுந்த காலத்தை நம்மவரும் கண்டவரே. அன்று யார் பேசினர், யார் பேசாதிருந்தனர் என்பதை அவரவர் உள்ளம் அறியும்.

இனி நம் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்வோம். ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி முடித்துச் சிற்றூர்ப் பாடசாலை ஒன்றிற் கற்பித்த காலம் அது. மாணவன் ஒருவன் நாள்தோறும் பிந்தி வந்தான். காரணம் கேளாமல் அவனை விறாந்தையில் நிற்க வைத்தோம். சிறு வகுப்புப் பிள்ளைகள் அவ்வழியே சென்று அவனைப் பார்த்து நகைத்தனர். நான்காம் நாள் பாடசாலை விட்டபின் அவன் தாயார் வந்தார். அவர் அவ்வூர் மாதர் சங்கத்தின் தலைவி. வைய வந்திருக்கின்றார் என எண்ணி நாமும் மறுமொழிகளை ஆயத்தப்படுத்திக் கொண்டோம். அவரோ முதலில், குரல் கம்மியிருக்கின்றதே, மருந்து எடுத்தீர்களா ஐயா என்று கேட்டார். பின்னர், தாம் விடியுமுன் வேலைக்குச் செல்வதால் இளையவர் இருவரையும் மகனே வெளிக்கிடுத்திக் கூட்டி வருவதாகவும், நாளை முதல் அயல்வீட்டார் அப்பொறுப்பை ஏற்பார் என்றும் கூறினார். தண்டனை கொடுங்கள், ஆனால் தம்பி பார்க்கும் இடத்தில் நிறுத்த வேண்டாம் என்பது மட்டுமே அவர் வேண்டுகோள். நம் பிழையை அவர் ஒரு சொல்லாலும் சுட்டவில்லை. நாமே அதனைக் காணுமாறு செய்து, நம் மதிப்பையும் காத்துச் சென்றார்.

அவர் சென்றபின், எத்துணை அடக்கமான பெண் என்று உடனிருந்த ஆசிரியர் வியந்தார்; நாமும் தலையசைத்தோம். அதே செயலை ஓர் ஆண் செய்திருந்தால் அதனை இராசதந்திரம் என்றிருப்போம். பெண் செய்தமையால் அடக்கம் என்றோம். அவ்வாண்டே பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திற்குச் செயலாளர் தெரியப்பட்ட கூட்டத்தில் அவர் பெயரை ஒருவர் முன்மொழிந்தார். குடும்பப் பெண்ணுக்கு நேரம் இராது என்று மற்றொருவர் கூறினார். அவர் ஆற்றலை நேரிற் கண்டிருந்த நாம் ஒரு சொல்லும் சொல்லாது இருந்தோம். அவரிடம் நேரம் உண்டா என்று எவரும் கேட்கவில்லை. அந்த மௌனம் இன்றும் நம்மை உறுத்துகின்றது. புகழ்மொழியால் ஒருவரைக் கதவுக்கு வெளியே நிறுத்தவும் கூடும் என்பதை அன்று கற்றோம்.

சட்டம் செய்யவேண்டியதைச் சட்டம் ஓரளவு செய்துள்ளது. 1931 இல் இந்நாட்டில் 21 வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலாரும் வாக்குரிமை பெற்றனர். 1960 இல் உலகின் முதற் பெண் பிரதமர் இந்நாட்டிலேயே பதவியேற்றார். 2016 ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளூராட்சி மன்றங்களில் 25 வீத இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கிற்று. 2018 இல் நடந்த தேர்தலில் அது முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. சட்டம் ஆசனத்தை வழங்கும்; அவ்வாசனத்தில் இருப்பவர் பேசும்பொழுது செவிசாய்க்கும் பண்பை வீடும் கல்லூரியுமே வழங்கவேண்டும். 2009 இற் போர் முடிவுற்ற பின்னர், கணவரை இழந்த கீழ் மாகாணப் பெண்களுக்கு மட்டக்களப்பில் இந்திய அரசின் உதவியோடு தொழிற்பயிற்சி அளித்தது இலா பட் அம்மையார் தோற்றுவித்த அதே சேவா சங்கமே. வடக்கிலும் கிழக்கிலும் எத்தனையோ இல்லங்கள் பெண்களின் தலைமையிலேயே நிமிர்ந்தன. வீட்டைத் தூக்கி நிறுத்தியவர் ஊரின் சபையிற் பின்வரிசையில் இருத்தல் எவ்வகையில் முறையாகும்?

ஆதலின் பழைய மாணவர் சங்கத்தார்க்கு மூன்று வேண்டுகோள்கள் விடுக்கின்றோம். மாணவ முதல்வரைத் தெரியும்பொழுது, எவன் குரல் உயர்ந்தது என்று பாராது, யாரிடம் இளைய மாணவர் தம் துன்பத்தைச் சொல்கின்றனர் என்று விசாரிப்போமாக. தலைமைக்குப் பரிசில் வழங்கும்பொழுது, இவன் எத்தனை பேரை முன்னுக்குக் கொண்டுவந்தான் என்று வினவுவோமாக. நம் ஊர்களில் மாதர் சங்கங்களை நடத்தும் அம்மையார்களை, விளக்கேற்றவும் வரவேற்கவும் மட்டுமன்றி, தலைமையைப் பற்றி நம் மாணவர்க்குப் பாடம் சொல்லவும் அழைப்போமாக.

இலா பட் அம்மையார் 2022 நவம்பர் 2 ஆம் நாள் மறைந்தார். இலட்சக்கணக்கான பெண்கள் அவர் சங்கத்தில் ஒன்றுபட்டிருந்தனர். அவர் இல்லாமலும் அச்சங்கம் நடைபெறுகின்றது என்பதே அவர் தலைமைக்குச் சான்று. கல்லூரியன்னையின் அடுத்த விழா மலரை ஒரு நாள் வேறொரு தமிழாசிரியர் எடுத்துப் புரட்டுவார். ஆணையிடக் கற்றவரோடு செவிசாய்க்கக் கற்றவரின் படங்களும் அவர் கண்ணிற் படுமாக. அன்னையின் புகழ் ஓங்குக.